ஆசுஸ் நக் 13 ப்ரோ: ரேம் இல்லாப் பெட்டி வாங்குமுன்

இந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியில் ப்ராசசரும் வைஃபையும் உண்டு. ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (சேமிப்பகம்), விண்டோஸ் கிடையாது. விலையைப் பார்த்து மயங்காமல் அவற்றையும் கூட்டிப் பாருங்கள். அடியிலுள்ள நான்கு திருகாணிகளைத் தளர்த்தினால் மூடி கழன்றுவிடும். ரேம் லெப்டொப்புக்குரிய டிடிஆர்4 3200தான், டிடிஆர்5 பொருந்தாது. 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு மேல், ஒன்றே போட்டால் கிராபிக்ஸ் மந்தமாகும். சாய்வாகச் செருகி, இரு கொக்கியும் விழும்வரை அழுத்துங்கள். பாதியில் நின்றால் திரை கறுப்புத்தான். யூஎஸ்பியிலிருந்து விண்டோஸ் ஏற்ற, ஆன் பண்ணியதும் கீபோர்டில் எஃப்10 அழுத்துங்கள்.

நுவரெலியா, ஹட்டன் குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த கையோடு ஆன் பண்ண வேண்டாம். உள்ளே ஈரம் படியும், இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மழைக்கால மின்வெட்டுக்குச் சிறிய யூபிஎஸ் (பேட்டரி காப்பு) போதும். வேலை கூடினால் விசிறி இரையும், படுக்கையறைக்குச் சரிவராது.