ரிப்பேருக்குப் போய்வந்த பாயிண்ட் டூ டூ: லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சேலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் அப்பாவின் ரைபிளையும் 46,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு, என்மீதே வழக்குப் போடத் தோதான ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, தனியாகக் கேட்டாலும் சொல்லமாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில், கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. ரைபிள் அப்பா வாங்கியது. செக்கோஸ்லோவாகியாவில் செய்த பிர்னோ மாடல் 2, தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற இரும்புத் தண்டை, அதாவது போல்ட்டை, கையால் இழுத்துச் சுடுகிற ரகம். இதற்குப் போடுவது பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல) தோட்டா, என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஈயக் குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். டிரிகரை இழுத்தால் தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கிற ஊசிதான் 'பின்'. பெரிய தோட்டாக்களில் அது நடுவில் குத்தும், இதில் விளிம்பில் குத்தும். வெளிநாட்டு ரைபிள் இறக்குமதி சாதாரண லைசென்ஸ்காரர்களுக்கு நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. அதனால் பழைய பிர்னோவுக்கு இன்றைக்கும் மவுசு. அப்பா போன பிறகு லைசென்ஸை என் பெயருக்கு மாற்ற கலெக்டர் ஆபீசுக்கு நடந்த நடையை எழுதினால் அதுவே தனிப் பதிவாகிவிடும்.

தோட்டத்தில் எதைச் சுடுவாய் என்று சிலர் கேட்பார்கள். ஒன்றையும் சுடுவதில்லை. காட்டுப்பன்றி, முயல், மயில் என்று எதன்மீதும் நம் இஷ்டத்துக்குக் கை வைக்க 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம் விடாது. தோட்டத்துக்குள் வருகிற காட்டெருமைக்கு இந்தத் தோட்டா கொசுக்கடி. மாதம் ஒருமுறை கிளப் ரேஞ்சில் காகிதத்தைச் சுடுவேன், அவ்வளவுதான். 50 மீட்டரில் ஐந்து குண்டை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிவிடும் அந்தத் துப்பாக்கி. என் கை நேராக இருக்கிற நாளில்.

2024 நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஸ்டேஷனில் ஈரத்தில் கிடக்குமே என்று கடையில் வைத்தேன். ஜூனில் திரும்ப வாங்கப் போனபோது கடைக்காரர் அதைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். "சார், தங்கம் மாதிரிப் பொருள். இப்படியே வச்சிருக்கீங்களே. டிரிகர் கல்லு மாதிரி இருக்கு. ஒரு ஸ்கோப் போடுங்க, கட்டையைப் பாலிஷ் பண்ணுங்க, அப்புறம் பாருங்க." சொல்லிக்கொண்டே, குழலில் தோட்டா உட்காரும் அறை காலியாக இருக்க, டிரிகரை ஐந்தாறு தடவை டக் டக் என்று இழுத்துக் காட்டினார். விளிம்பில் குத்துகிற துப்பாக்கியில் உள்ளே சுட்டு முடித்த தோட்டாவின் காலி கேஸ் கூட இல்லாமல் இப்படித் தட்டினால் பின் நேராக அறையின் ஓரத்தில் போய் அடிக்கும், இரும்பு நசுங்கும். பிர்னோவைப் பற்றி அவ்வளவு பேசியவருக்கு இது தெரியவில்லை. அந்த நிமிடமே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது?

ஜூலையில் கொடுத்தேன். டிரிகர் வேலை, குறிபார்க்கும் தொலைநோக்கியான இம்போர்ட்டட் ஸ்கோப், பாலிஷ், குழல் சுத்தம் எல்லாம் சேர்த்து 46,000. ரசீதில் எழுதியது 'கிளீனிங், ரூ. 1,500' மட்டும். மீதியை அவருடைய சொந்த நம்பருக்கு ஜி பே பண்ணச் சொன்னார், பண்ணினேன். இடையில் ஒரு நாள் போனில், "வாயில ஒரு சைலன்சர் போட்டுத் தரவா சார், சத்தமே வராது" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். சத்தத்தைக் குறைக்கிற பாகத்தையும் 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்கிற விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. அது கையில் இருந்தால் லைசென்ஸ் இல்லாத இன்னொரு துப்பாக்கி இருப்பது போலத்தான்.

செப்டம்பரில் ரைபிள் வந்தது. பளபளவென்று வார்னிஷ், மேலே ஸ்கோப். குழல் நுனியில் குறிபார்க்க நிற்கும் சின்ன முனையான ஃபோர்சைட்டைக் காணோம். கேட்டதற்கு, "ஸ்கோப் இருக்கும்போது அது எதுக்கு சார், பார்வையை மறைக்கும்" என்றார். குழல் வாயில் பித்தளையில் சின்ன மூடி மாதிரி ஒன்று இருந்தது, நடுவில் ஓட்டையோடு. "அழகுக்கு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தேன். என் முட்டாள்தனத்தையும் எழுதவேண்டும் அல்லவா.

மறுநாள் காலையில் பனி இறங்கியிருந்தது. ஸ்கோப்பில் கண் வைத்தால் பால் ஊற்றியது போல வெள்ளை. லென்ஸை வெளியே துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, நீர் கோத்திருந்தது உள்ளே. நல்ல ஸ்கோப் என்றால் உள்ளே நைட்ரஜன் அடைத்து, காற்றுப் புகாமல் மூடியிருப்பார்கள். இதில் பெயர் ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினால் அடியில் வேறொரு பெயர். ஏர்கன்னுக்குப் போடுகிற மலிவான சாமான். அதை மாட்டிய விதம் இன்னும் மோசம். பிர்னோவில் போல்ட் உட்காரும் இரும்பு உடம்பான ரிசீவர் மேலேயே 11 மில்லிமீட்டர் பள்ளம் வெட்டியே வரும், ஸ்கோப் ரிங்கை அதில் கடிக்கவிட்டுத் திருகினால் முடிந்தது. இவர்கள் ரிசீவரில் துளை போட்டு ஸ்க்ரூ இறக்கியிருந்தார்கள்.

அக்டோபரில் ரேஞ்சுக்கு எடுத்துப் போனேன். பத்து ரவுண்டு. அட்டையில் ஒரு கையை விரித்து வைத்தாலும் மறையாத அளவுக்குச் சிதறல். அதில் மூன்று ஓட்டை வட்டமாகவே இல்லை, பூசணி விதை மாதிரி நீளவாக்கில் கிழித்திருந்தது. குண்டு தலைகுப்புறப் புரண்டு, பக்கவாட்டில் போய் அடித்திருக்கிறது. அங்கே பயிற்சி கொடுக்கும் ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஒருவர் அட்டையைப் பார்த்தவுடன், "தம்பி, இனி ஒரு ரவுண்டும் போடாதே, போல்ட்டைக் கழற்று" என்றார். பித்தளை மூடியை அவரே திருகிக் கழற்றினார். உள்ளே குழல் வாயில் மரை வெட்டியிருந்தது. வேண்டாம் என்று நான் சொன்ன சாமானுக்கான மரை. மூடியின் ஓட்டை நடுவில் இல்லாததால் குண்டு போகிற போக்கில் அதை உரசியிருக்கிறது. பஞ்சைக் குழல் வாயில் வைத்துச் சுற்றினார், ஓரத்துப் பிசிறில் பஞ்சு இழை இழையாக மாட்டிக்கொண்டது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் அந்த ஓரம் சீராக இல்லாவிட்டால் எவ்வளவு உசத்தியான குழலும் உபயோகமில்லை.

அப்புறம் போல்ட்டை மறுபடி மாட்டி, காலி கேஸ் ஒன்றைப் போட்டு மூடி, தரையில் சாக்கை மடித்து விரித்து, கட்டையின் அடியால் லேசாகத் தட்டினார். டக். டிரிகரை யாரும் தொடவே இல்லை. டிரிகரை இழுக்கும்வரை பின்னைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியை அரம் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், பிடிமானம் கிடையாது. ஏற்றிய துப்பாக்கியோடு பாறையில் வழுக்கி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்துதான் பெரிய விஷயம் தெரிந்தது. அப்பாவின் கிளீனிங் ராடில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். பின்பக்கமாக ராடை விட்டால், டேப் ரிசீவரின் விளிம்பைத் தொடும்போது பிரஷ் மறுமுனையில் சரியாக வெளியே வரும். அது அவர் வைத்த கணக்கு. இப்போது பிரஷ் வெளியே வந்துவிட்டது, டேப் இன்னும் இரண்டு விரற்கடை தள்ளியே நிற்கிறது. குழலையே வெட்டியிருக்கிறார்கள். ஃபோர்சைட் ஏன் காணாமல் போனது என்பது அப்போதுதான் உறைத்தது.

குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி குற்றம், அதற்கென்று தனி லைசென்ஸ் இருந்தாலொழிய. வெட்டியது கடையாக இருக்கலாம், ஆனால் வெட்டிய குழல் இருப்பது என் பீரோவில், என் லைசென்ஸில். அடுத்த புதுப்பித்தலிலோ அடுத்த தேர்தலிலோ யாராவது டேப் வைத்து அளந்தால் நான்தானே பதில் சொல்லவேண்டும்? வக்கீலிடம் ஓடினேன். அவர் சொன்னபடி அன்றைக்கே நானே எழுத்தில் கொடுத்தேன், ஸ்டேஷனுக்கு ஒன்று, கலெக்டர் ஆபீசுக்கு ஒன்று. ரைபிளையும் ஒப்படைத்து ஒப்புகை வாங்கினேன். அந்த ஒரு தாள் இல்லையென்றால் ராத்திரி தூக்கம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கையில் இருக்கும் பில் 1,500-க்கு, மீதிக்கு ஜி பே ஸ்கிரீன்ஷாட். 'கைமாற்றாகத் தந்தது' என்று எதிர்த்தரப்பு பதில் கொடுத்திருக்கிறது.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், கடைக்காரர் கண்முன்னே குழலை அளந்து அந்த அளவை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அவருடைய லைசென்ஸில் விற்பனை மட்டும்தானா, ரிப்பேரும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, சுவரில் மாட்டித்தான் வைத்திருப்பார். நம்பர் தெரிகிற மாதிரி ரிசீவர், போல்ட், குழல் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். நான் எடுத்தது ஒரே ஒரு போட்டோ, அதுவும் என் பையன் துப்பாக்கியோடு நிற்பது. ஆனால் அதில் ஃபோர்சைட் தெளிவாகத் தெரிகிறது, வக்கீலுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். கழற்றிய பழைய சாமான் எதுவானாலும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஃபோர்சைட்டைப் போன வாரமும் போன் பண்ணிக் கேட்டேன். "தேடிக்கிட்டே இருக்கோம் சார்" என்றார்கள்.