குதிப்பதா, கரையில் நிற்பதா?

முட்டம் கடலில் ஒருவர் அலையில் சிக்கித் தத்தளிக்கிறார் என்று வையுங்கள். உடனே குதிப்பது ஒரு வழி. பார்க்க வீரம்தான். ஆனால் மூழ்குபவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார். கழுத்தைக் கட்டிக்கொண்டால் நன்றாக நீந்துபவரும் உள்ளே போவார். அப்புறம் தேட வேண்டியது இரண்டு பேரை.

இன்னொன்று, தன் கால் தரையில் இருக்க உதவுவது. கயிறு, வேட்டி, எதையும் வீசலாம். இறுக மூடிய பத்து லிட்டர் காலி கேன் ஆளை மிதக்க வைக்கும். வள்ளக்காரர்களைக் கூப்பிடலாம், 108-க்கு அடிக்கலாம். இதைப் போய் சுயநலம் என்றால் எனக்கு எரிச்சல் வரும். சும்மா நின்று வீடியோ எடுக்கிறார்களே, அதற்கு அந்தப் பெயர் சரி.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது குளச்சலில் எதையும் ஒப்பிட நேரமே இல்லை. ஓடியவர்களை இன்றும் யாரும் குறை சொல்வதில்லை.