டிடி ஃப்ரீ டிஷ்: அப்பத்தா வீட்டுக்கு மாட்டினேன், எப்படி இருக்குன்னு சொல்றேன்

அப்பத்தா இருக்கிறது தோட்டத்து வீடு. கேபிள்காரர்கிட்ட கேட்டா அவ்ளோ தூரத்துக்கு ஒயர் செலவு நீங்கதான் குடுக்கணும்னுட்டாரு. அதனால ரொம்ப வருஷமா ஆன்டெனாதான், அதுல தூர்தர்ஷன் மட்டும். ஒருநாள் படம் வரல, வெறும் புள்ளி. நானும் ஆன்டெனாவ திருப்பிப் பாத்து, பூஸ்டர் போயிருச்சுன்னு புதுசு வாங்கி மாட்டி, அப்புறம்தான் தெரிஞ்சுது தூர்தர்ஷன் டவரையே நிறுத்திட்டாங்கன்னு. பேப்பர்லயே வந்திருக்கு, நான்தான் பாக்கல. 2022 மார்ச்சுக்குள்ள பழைய அனலாக் டவர்ல எல்லை மாதிரி முக்கியமான ஒரு 50 இடம் தவிர மிச்சத்த மூடுறதுன்னு முடிவு பண்ணியிருந்தாங்க.

சரி அதுக்கு பதிலா என்னன்னா, டிஜிட்டல் டவர் 2016லயே வந்துச்சு, ஆனா 16 சிட்டிக்கு மட்டும், நம்ம பக்கம் சென்னை. கிராமத்துக்கு ஃப்ரீ டிஷ்தான், அதாவது மாசக் கட்டணம் இல்லாம தூர்தர்ஷன் குடுக்கிற டிஷ் சர்வீஸ். 2004ல டிடி டைரக்ட் பிளஸ்னு வந்துச்சே, அதேதான்.

டிஷ், பாக்ஸ், ஒயர், ஆள் கூலி எல்லாம் சேத்து 1,700 ஆச்சு. அதோட சரி, மாசாமாசம் ஒத்த ரூபா கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. வீட்ல இருக்கிறது கலைஞர் ஆட்சில குடுத்த அந்த சின்ன கலர் டிவி, அதுக்கே மஞ்ச-வெள்ள-செவப்பு ஒயர் மாட்டி ஓடுது. படம் பழைய ஆன்டெனாவோட கம்பேர் பண்ணா கண்ணாடி மாதிரி இருக்கு. பலத்த மழை பேஞ்சா கட் ஆகும், எந்த டிஷ்ஷா இருந்தாலும் அப்படித்தான்.

வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. கடைக்காரர் எனக்கு முதல்ல பழைய எம்பெக் 2 பாக்ஸ தள்ளி விட்டுட்டாரு (எம்பெக்ங்கிறது படத்த சுருக்கி அனுப்புற முறை), அதுல சேனல் கம்மி. மறுபடி பஸ் ஏறிப்போய் சண்ட போட்டு எம்பெக் 4 மாத்திட்டு வந்தேன். கேட்டு வாங்குங்க. அப்புறம் டிஷ் தென்கிழக்கு பாத்து நல்லா அண்ணாந்து நிக்கும், அந்தப்பக்கம் தென்னை மட்ட இருந்தா வேலைக்காகாது, எங்க வீட்ல ரெண்டு மட்டைய வெட்ட வேண்டியதாப் போச்சு, அப்பத்தா ஒரு வாரம் பேசல.

இப்ப மெயின் மேட்டர். பாக்ஸ் நிறைய சேனல் இருக்கு, ஆனா பாதிக்கு மேல இந்தி. சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் வராது, அவங்க எல்லாம் காசு வாங்குற சேனல், ஓசில எதுக்கு வருவாங்க. தூர்தர்ஷன நடத்துற பிரசார் பாரதி, ஃப்ரீ டிஷ்ல சேனலுக்கான இடத்த ஏலம் விடுது, கோடிக்கணக்குல எடுக்கிறது பெரும்பாலும் இந்தி சேனல்தான், வடக்க அவ்ளோ பேர் பாக்கிறாங்க, விளம்பரத்துல போட்ட காச எடுத்துருவாங்க. வியாபாரமா பாத்தா புரியுது. ஆனா டவர மூடிட்டு இதப் பாத்துக்கோன்னு சொல்ற கவர்மென்ட் வியாபாரக் கணக்கு மட்டும் பாத்தா எப்படிங்க, ஏலம் இல்லாம ஒவ்வொரு மாநில பாஷைக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி வெச்சிருக்கணும் இல்லையா?

அப்பத்தாவுக்கு டிடி தமிழ் போதும். 2024 ஜனவரில பேர மாத்தினாங்க, அப்பத்தா இன்னும் பொதிகைன்னுதான் சொல்லுது. சாயங்காலம் நியூஸ், அப்பப்ப படம். மத்த நேரம் ஏதோ ஒரு இந்தி சீரியல், ஒரு வார்த்த புரியாது, ஆனா யாரு கெட்டவன்னு கரெக்டா சொல்லிருது.

கேபிள் வர்ற வீடா இருந்தா இது வேணாம், வீட்ல சண்ட வரும். கேபிளே வராத தோட்டத்து வீடு, தனியா இருக்கிற பெரியவங்கன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார், போன ஒரு ஸ்டார் தமிழுக்கு, இன்னொண்ணு அந்த ரெண்டு மட்டைக்கு.