டேம்பிங் என்ற பெயரில் என் கார் கதவுக்குள் ஒட்டப்பட்ட தார் ஷீட்

காரில் ஆறரை அங்குல காம்பொனென்ட் ஸ்பீக்கர் (தாழ்ந்த ஒலிக்கும் கீச்சொலிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் கொண்ட செட்) பொருத்தப் போகிறவர்கள் முதலில் கதவுகளுக்கு டேம்பிங் செய்துகொள்வது, அதாவது தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட்டை உள்ளே ஒட்டிக்கொள்வது, நல்லதுதான். மெல்லிய கதவுத் தகடு ஸ்பீக்கரோடு சேர்ந்து அதிர்கிறது. உட்தகட்டில் இருக்கும் பெரிய திறப்புகள் வழியே ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு கலந்து பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, குறைத்துவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில், மார்ச் மாதம், நான்கு கதவுகளுக்கும் சேர்த்து 14,000 ரூபாய் கொடுத்தேன்.

கடையில் காட்டிய மாதிரி அசல் பியூட்டைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) ஷீட்: 2 மி.மீ. கனம், மேலே அலுமினியத் தகடு, வாசனையே இல்லை. ஆனால் "உள்ளே இடம் இல்லை சார், சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கோங்க" என்று என்னை அனுப்பிவிட்டு அவர்கள் ஒட்டியது, மொட்டைமாடி ஒழுகலை அடைக்கப் பயன்படும் தார் ஷீட். அதன் மேலும் அதே வெள்ளி நிறத் தகடு இருப்பதால், கதவின் உட்பக்கத்தை மூடும் பலகையை மாட்டிய பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆளில்லாத நேரத்தில் வேலையை முடிக்க அவர்கள் ஏன் அவ்வளவு ஆர்வம் காட்டினார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

கத்திரி வெயிலில் நிறுத்திவைத்த காரைத் திறந்தால், புதிதாகப் போட்ட சாலையில் நிற்பது போன்ற நெடி வந்தது. குழந்தை பின்சீட்டில் உட்கார மறுத்தாள். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இடது முன்கதவைச் சாத்தும்போதெல்லாம் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் பலகையைக் கழற்றிக் காட்டியபோது, உருகி வழிந்த தார் கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகளை அடைத்திருந்தது; தேங்கிய நீரில் தகட்டின் மடிப்பு துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தது. பலகையைப் பிடித்திருக்கும் ஒன்பது கிளிப்புகளில் நான்கு உடைந்திருந்தன. தொழிற்சாலையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நீர்த்தடுப்புத் தாளையும் கிழித்து எறிந்திருந்தார்கள்.

கடைக்காரரிடம் கேட்டபோது, "வெயிலுக்கு எல்லா ஷீட்டும் அப்படித்தான் சார்" என்றார். அது பொய். பில்லில் 'டேம்பிங் வேலை' என்று மட்டுமே இருந்ததால் என்னால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. பொருளின் பெயர், கனம், எத்தனை ஷீட் என்பவற்றைப் பில்லில் எழுதச் சொல்லாதது என் தவறு.

நீங்கள் செய்வதாக இருந்தால், பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, ஒரு துண்டை வெட்டி வாங்கி, பானட்டின் மேல் ஒரு மதியம் வெயிலில் வைத்துப் பாருங்கள். தார் என்றால் இளகி நாறும், பியூட்டைல் அப்படியே இருக்கும். கதவு முழுவதையும் மூடியே ஆக வேண்டும் என்று சொல்லி ஷீட் எண்ணிக்கையை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளித்தகட்டின் அதிர்வை அடக்க, அதன் பரப்பில் கால் பங்கு அளவு சரியான இடங்களில் ஒட்டி ரோலரால் அழுத்தினாலே பெரும்பாலும் போதும். உட்தகட்டின் திறப்புகளை அடைப்பதற்குத்தான் கூடுதல் கவனம் தேவை. ஒட்டுவதற்கு முன் தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பலகையை மாட்டுவதற்கு முன் ஒரு குவளை தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஊற்றி, அது கதவின் அடியில் வடிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

என் காரில் இதுவரை இரண்டு கதவுகளில்தான் தாரைச் சுரண்டி எடுக்க முடிந்திருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியும் மண்ணெண்ணெயுமாக ஒரு கதவுக்கு ஒரு நாள் ஆகிறது.