பேட் மாற்றியபின் பிரேக் கீச்சிட்டால் எதைச் செய்வது?

முன்சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டு வீடு திரும்பும்போது, தெருமுனை வேகத்தடையில் பிரேக்கை மெல்ல மிதித்தேன். சாணைக்கல்லில் கத்தி பட்டதுபோல் ஒரு கீச்சொலி. கேட்டவர்கள் நான்கு வழி சொன்னார்கள்: ஓட்டிப் பழக்குவது, கழற்றிச் சுத்தம் செய்வது, பேட் அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கைக் கடைசல் பிடிப்பது, வேறு பேட் வாங்குவது.

ஓட்டிப் பழக்கக் காசு வேண்டாம். பேடின் பொருள் டிஸ்க்மேல் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுவதும் நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறைத்துவிட்டு, பிறகு சில கிலோமீட்டர் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். புதுசு என்பதால் வரும் சத்தம் இதில் அடங்கும். இருநூறு கிலோமீட்டர் தாண்டியும் குறையவில்லையென்றால் காத்திருப்பது வீண்.

நான் நம்புவது இரண்டாவது வழியைத்தான். கீச்சொலி என்பது பேட் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர்வது. உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தாலோ, பேடை டிஸ்க்மேல் அழுத்தும் காலிப்பரின் பின் (அது நகர உதவும் கம்பி) காய்ந்து இறுகியிருந்தாலோ அது அதிரத்தான் செய்யும். பட்டறையில் பழைய பேடுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால், அதிர்வை உறிஞ்ச முதுகில் பொருத்தும் ஷிம் தகடுகள் நான்கும் அவற்றிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன! புதுப் பேடுகள் ஷிம் இல்லாமலே காரில் ஏறியிருக்கின்றன. துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, ஷிம்மை மாற்றிப் பொருத்த வேண்டும். காலிப்பர் பின்னுக்கு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பிவிடும். பேட் உரசும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக்கூடாது. சத்தம் போக எண்ணெய் விடச் சொல்பவர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். பிரேக்கே பிடிக்காமல் போகும்.

கடைசல் எல்லாருக்கும் தேவையில்லை. டிஸ்க்கில் விரல் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தாலோ, மிதிக்கும்போது பெடல் துடித்தாலோதான் அந்தப் பேச்சு. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கடைந்தபின் அதற்குக் கீழே போகுமென்றால் புது டிஸ்க்தான். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும்.

வேறு பேட் என்றால் பெரும்பாலும் செராமிக். சத்தமும் கரித்தூசியும் குறைவு, விலை அதிகம். உலோகம் கலந்த பேட் சத்தம் போட்டாலும் சூட்டைத் தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி இறங்குகிறவர் அதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். செராமிக் போட்டாலும் ஷிம் இல்லையென்றால் சத்தம் வரலாம். அதனால் இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கீச்சொலி இல்லாமல் கரகரவென்று இரும்பு தேய்ந்தால் வண்டியை ஓட்டாமல் உடனே காட்டுங்கள்.

என் காரில் ஷிம்மைப் பொருத்தி, பின்களைத் துடைத்துக் கிரீஸ் போட்ட அன்று மாலையே சத்தம் நின்றது. இப்போது மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும், டிஸ்க்கில் படிந்த மேல்துருவால் இரண்டு மூன்று மிதிப்புக்கு லேசாக உரசுகிறது. தெருமுனை தாண்டுவதற்குள் அதுவும் போய்விடுகிறது.