இல்லாத கோர் ஃபைலைப் படித்தவருக்கு 400 டாலர் கொடுத்தேன்

ஒரு மணி நேரம் முன்புதான் கடைசி பதில் வந்தது: பணம் திரும்ப வராது. 400 டாலர். ஃப்ரீலான்சர்களைப் பிடித்துத் தரும் ஒரு தளம். பெயர் வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் வாங்கத் தெம்பில்லை.

எங்கள் அலுவலக போன் எல்லாம் ஆஸ்டெரிஸ்க் என்ற டெலிபோன் மென்பொருள் போட்ட சர்வரில்தான் ஓடுகிறது. புதிய பதிப்புக்கு மாற்றியதிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை க்ராஷ். பேசிக்கொண்டிருக்கும் அத்தனை காலும் ஒரே நொடியில் அறுந்துபோகும். புரோகிராம் நடப்பதை எழுதி வைக்கும் லாகில் ஒன்றும் இல்லை. சாகிற புரோகிராம் காரணம் எழுதி வைத்துவிட்டா சாகும்?

அந்தத் தளத்தில் ஐந்து நட்சத்திரத்தோடு ஒருவர் கிடைத்தார். முதல் மெசேஜிலேயே, "லாகைப் பார்த்து ஊகிக்க மாட்டேன் சார். கோர் ஃபைலை ஜிடிபியில் திறந்து, எல்லா த்ரெட்டின் பேக்ட்ரேஸையும் எடுத்துத்தான் பேசுவேன்" என்றார். அங்கேதான் விழுந்தேன். கோர் ஃபைல் என்பது க்ராஷ் ஆகிற நொடியில் புரோகிராமின் மெமரியை அப்படியே பிடித்து வைக்கிற ஃபைல். அதைத் திறக்கிற கருவி ஜிடிபி. புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த இடத்தில் நின்றது என்று காட்டுவது பேக்ட்ரேஸ். முறை அதுதான் என்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். சரியான வார்த்தையைச் சொல்கிறவருக்கு வேலையும் தெரியும் என்று நம்பி, சர்வரில் எதையும் மாற்றவிடும் ரூட் பாஸ்வேர்டைத் தூக்கிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு, "கோர் ஃபைலைப் படித்துவிட்டேன். மெமரி பிரச்சினை. சரிசெய்தாயிற்று" என்றார். வார விடுமுறையில் யார் போன் பேசப்போகிறார்கள்? சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. "வேலை முடிந்தது" பட்டனை அழுத்தினேன். 400 டாலர் கைமாறியது.

திங்கட்கிழமை காலையே கால்கள் அறுந்தன. கேட்டால் "ராம் போதாது" என்றார். கூட்டினோம். அப்புறம் "லைன் கொடுக்கிற கம்பெனி மேல் தப்பு". அப்புறம் "அது தனி வேலை, இன்னும் 150 ஆகும்".

சந்தேகம் வந்து, ஆஸ்டெரிஸ்க் கடைசியாகக் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும் "கோர் ஷோ அப்டைம்" கட்டளையை அடித்துப் பார்த்தேன். 47 நிமிடம்! சர்வர் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் வேலைகளின் பட்டியலான கிரான்டேபைத் திறந்தால் ஒரே ஒரு வரி: நிமிடத்துக்கு ஒருமுறை ஆஸ்டெரிஸ்க் உயிரோடு இருக்கிறதா பார், இல்லையென்றால் கிளப்பு. இதுதான் 400 டாலர் வேலை. இதே வேலைக்கு சேஃப்_ஆஸ்டெரிஸ்க் என்ற ஸ்கிரிப்ட் ஆஸ்டெரிஸ்கோடு சும்மாவே வருகிறது.

அடுத்து பார்த்ததுதான் வயிற்றெரிச்சல். அந்த சர்வரில் கோர் ஃபைலின் அளவு வரம்பு 0, அதாவது கோர் ஃபைல் எழுதவே படாது. எங்கே தேடியும் ஒரு கோர் ஃபைல்கூட இல்லை. மனிதர் எதைப் படித்தாராம்?

அதைக் கேட்டதிலிருந்து அவரிடமிருந்து பேச்சே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவோ, "வேலை முடிந்ததாகத் தாங்களே உறுதி செய்துள்ளீர்கள்" என்று மூன்று முறையும் ஒரே வரியைத்தான் அனுப்பியது.

கடைசியில் வரம்பை நானே எடுத்துவிட்டேன். மறுநாளே கோர் ஃபைல் விழுந்தது. பேக்ட்ரேஸ் பழைய பதிப்பில் மிஞ்சிய ஒரு கோடெக் மாட்யூலை, அதாவது குரலைச் சுருக்கி விரிக்கும் துணை நிரலைக் காட்டியது. புது பதிப்பை நிறுவும்போதே "இந்த மாட்யூல்கள் இந்தப் பதிப்போடு வந்தவை அல்ல" என்று எச்சரிக்கை வந்திருந்தது. நான்தான் படிக்கவில்லை. அந்த மாட்யூலை நீக்கியபின் மூன்று நாளாக க்ராஷ் இல்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பேக்ட்ரேஸை அனுப்பச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். அப்டைம் பார்க்காமல் பணத்தை விடாதீர்கள். ரூட் கொடுத்திருந்தால் பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள், இன்டர்நெட் வழியாகக் கால் போடப் பயன்படும் எஸ்ஐபி கணக்குகளையும் சேர்த்து. இல்லையென்றால் உங்கள் செலவில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். நான் இன்னும் பாதிகூட மாற்றவில்லை, அதைப் பார்க்கப் போகிறேன்.