கெர்லான் வெட்டிவர்: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

வெட்டிவேர் என்றதும் நமக்கு மண்பானைத் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். அந்த எதிர்பார்ப்போடு, அதே வேரின் பெயர் கொண்ட பிரெஞ்சு சென்ட்டான கெர்லான் வெட்டிவரை அடித்துப் பார்த்தால் முதல் கால் மணி நேரம் ஏமாற்றமாகவே இருக்கும். மூக்கில் ஏறுவது எலுமிச்சையும், அதன் இனத்துப் பழமான பெர்கமாட்டும்தான். வேரைத் தேட வேண்டியிருக்கும். கடையில் காகிதப் பட்டையில் அடித்து உடனே முகர்ந்துவிட்டு, ஆஃப்டர் ஷேவ் மாதிரி இருக்கிறது என்று பலர் திருப்பி வைத்துவிடுவது இதனால்தான். மணிக்கட்டில் ஒரு ஸ்ப்ரே போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து முடிவெடுங்கள்.

பாரிஸில் 1828இல் தொடங்கிய கெர்லான் குடும்ப நிறுவனத்தின் ஜான்-பால் கெர்லான், 1960 வாக்கில், இருபது வயதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது உருவாக்கியது இது. தோட்ட வேலை முடித்து வருபவரின் உடையிலிருக்கும் மண் வாசனையும் புகையிலை வாசனையும்தான் இதற்குத் தூண்டுதல் என்பார்கள். அணிந்து பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

எலுமிச்சை அடங்கியதும் ஜாதிக்காயும் மிளகும் தலைகாட்டும். கூடவே, வறுக்காத தனியாவை உள்ளங்கையில் நசுக்கினால் வருகிற பச்சையான காரம் ஒன்று மெல்லியதாக வரும். வேர் அதற்குப் பிறகுதான்: ஈரமில்லாத, காய்ந்த, லேசாகப் புகை கலந்த வேர். அடியில் புகையிலை. டோங்கா பீன் என்ற நறுமண விதை தருகிற இனிப்பு இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் வெட்டிவேரிலிருந்து வடிக்கிற ரூ கஸ் அத்தரைப் பழகியவர்களுக்கு வித்தியாசம் உடனே பிடிபடும். அது ஈரமண், அடர்த்தி. இது துவைத்து வெயிலில் காயவைத்து இஸ்திரி போட்ட பருத்திச் சட்டை.

இந்த வாசனை காட்டுகிற ஆளும் அப்படித்தான். குறித்த நேரத்துக்கு வருவார், அளந்து பேசுவார், சொன்னதைச் செய்வார். அறைக்குள் அவருக்கு முன்னால் அவர் வாசனை நுழையாது. கை குலுக்கும் தூரத்தில்தான் தெரியும். வயதைக் கூட்டிக் காட்டுமோ என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. பொறுப்பைக் கூட்டிக் காட்டும் என்பது என் அபிப்பிராயம். நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், வகுப்பறை, காலை நேரக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரவுக் கொண்டாட்டத்தில் இனிப்பான சென்ட்டுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

அதிகம் வருகிற புகார், நிற்பதில்லை என்பது. ஈ.டி.டி. (ஓ டு துவாலெத், அடர்த்தி குறைந்த வகை சென்ட்) என்பதால் சென்னை வெயிலில் தோலில் ஐந்து, ஆறு மணி நேரம் எதிர்பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்பே போய்விட்டது என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூக்குதான். ஒரே வாசனையில் அரை மணி நேரம் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. மேலும் நாலு ஸ்ப்ரே போடுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.

குளித்துத் துவட்டியதும் வாசனையில்லாத லோஷன் மெல்லியதாகத் தடவி, அது ஊறியபின் நெஞ்சில் இரண்டு, பிடரியில் ஒன்று, சட்டையின் உட்புறத்தில் ஒன்று என நாலு ஸ்ப்ரே போதும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சட்டையின் வெளிப்புறத்தில் வேண்டாம், மஞ்சள் கறை விழலாம். மணிக்கட்டுகளைத் தேய்க்காதீர்கள், சூட்டில் எலுமிச்சை சீக்கிரம் பறந்துவிடும். வாசனை டால்கம் பவுடரும் டியோடரண்டும் இதற்கு முதல் எதிரி, வேரை அமுக்கிவிடும். துணியில் மட்டும் இது பிடிவாதமாக நிற்கும். வெட்டிவேர் எண்ணெயின் மூலக்கூறுகள் கனமானவை, எளிதில் ஆவியாகாதவை. மறுநாளும் காலரில் வேர் வாசம் இருக்கும்.

ஒரு ஸ்ப்ரே ஏறக்குறைய 0.1 மி.லி. தினம் நாலு என்றால் 100 மி.லி. பாட்டில் எட்டு மாதம் வரும். குளியலறை அலமாரியிலோ காரிலோ வைத்தால் முதலில் கெடுவது மேலே இருக்கும் எலுமிச்சைதான்: காற்றும் சூடும் பட்டு, பழசான வார்னிஷ் போலப் புளித்து நாறும். அடிவாசனை அப்போதும் நன்றாகவே இருக்கும் என்பதால், தொடக்கம் மட்டும் கெட்ட பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அட்டைப் பெட்டியிலேயே, வெளிச்சம் படாத பீரோவில் வையுங்கள். கால் பாட்டிலுக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகம். சிறிய கண்ணாடி ஸ்ப்ரே பாட்டிலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

பழைய பாட்டிலைத் தேடி அதிக விலை கொடுக்கலாமா? அடிவாசனைக்குச் சேர்க்கிற ஓக் மரப்பாசிச் சாறு சிலருக்கு ஒவ்வாமை தருவதால் அதற்குக் கட்டுப்பாடுகள் வந்தபின் இந்த வகை வாசனைகள் பலவும் மெலிந்தன. பழையதில் அடிப்பகுதி இன்னும் இருண்டதாக இருக்கும். ஆனால் எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத பாட்டிலுக்குப் பணம் கொட்டுவதைவிடப் புதியதே மேல். புகையும் இருட்டும்தான் வேண்டுமென்றால் லாலிக் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு சென்ட்டான ஆங்க்ர் நுவார். ஆரஞ்சு கலந்த நவீனத் தோரணை வேண்டுமென்றால் அதே ஆண்டில் ஹெர்மெஸ் நிறுவனத்திலிருந்து வந்த டெர் டெர்மெஸ். முதலாவது நம் கோடைப் பகலுக்குக் கனம், மழைக்கால மாலைக்கு அருமை.